லென்ஸை மாற்றுவதற்கு முன்

சுயதொழில் பாடம்: ஒளிப்படம்

நிக்காஹ், வலீமா, பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று படம் எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். சகோதரிகளும் இத்தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். பெண்கள் பகுதியில் பெண்ணே படம் எடுக்க வேண்டும் என்று விரும்பும் குடும்பங்கள் அவர்களைத் தேடி அழைக்கின்றன. இவர்களில் பலர் தொழிலைத் தொடங்கியது கேமராவோடு சேர்ந்து வந்த ஒரே ஒரு ஜூம் லென்ஸை வைத்துத்தான். ஓரிரு வருடம் போனதும் எல்லோருக்கும் ஒரே கேள்வி வருகிறது: "இதைக் கொடுத்துவிட்டு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாமா?"

கேள்வி சின்னது. ஆனால் அதன் பின்னால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் நிற்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் சேமிப்பிலிருந்து வருவதில்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போகிறது, அல்லது மாதத் தவணை ஏறுகிறது. வாங்கிய லென்ஸ் குறையைத் தீர்த்தால் சரி. தீர்க்கவில்லை என்றால் பழைய குறையும் இருக்கும், புதிய கடனும் இருக்கும்.

எந்த லென்ஸ் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், நண்பர் சொல்வார், யூடியூபில் ஒருவர் சொல்வார். உங்களுக்கு எது தேவை என்பதை நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படங்கள்தான் சொல்லும். அவற்றிடம் கேட்பது எப்படி என்பதே இந்தப் பாடம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது எப்படிப்பட்ட லென்ஸ்?

லென்ஸின் முன்வளையத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 18-55, 18-135, 18-140, 18-200 என்று இரண்டு எண்கள் இருக்கும். இவை மில்லிமீட்டரில் குவியத் தூரம். சின்ன எண் அகலமான காட்சியைக் காட்டும். பெரிய எண் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும். 18-55 மூன்று மடங்கு ஜூம். 18-135 ஏழரை மடங்கு. 18-200 பதினொரு மடங்கு.

இவை எல்லா வேலைக்கும் ஓரளவு பொருந்தும்படி செய்யப்பட்டவை. வாசலில் தோரணத்தையும் எடுக்கலாம், மேடையில் மணமகன் முகத்தையும் எடுக்கலாம், நடுவில் லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. கூட்டத்தில் தனியாக நின்று வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. வசதிக்கு விலையும் உண்டு. மடங்கு கூடக் கூட ஓரங்களில் கூர்மை குறைவது, அகலமான முனையில் தூண்களும் சுவர்களும் லேசாக வளைவது ஆகிய குறைகள் வரும். வெளிச்சத்தை உள்ளே விடுவதிலும் ஓர் எல்லை இருக்கும்.

ஆனாலும் நல்ல வெளிச்சத்தில், அல்லது ஃபிளாஷ் போட்டு எஃப் 8இல் எடுத்தால், இந்தச் சாதாரண லென்ஸ் கொடுக்கும் படத்துக்கும் மூன்று மடங்கு விலையுள்ள லென்ஸ் கொடுக்கும் படத்துக்கும் ஆல்பத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் சொல்லவே வேண்டாம். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆகவே "கூர்மை போதவில்லை" என்று முடிவு செய்வதற்கு முன், வாடிக்கையாளர் பார்க்கும் அளவில் படத்தைப் பாருங்கள். கணினித் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது நாம் மட்டும்தான்.

எஃப் எண் சொல்லும் கணக்கு

லென்ஸில் 3.5-5.6 என்று இன்னொரு ஜோடி எண் இருக்கும். லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர், எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதை அது சொல்கிறது. எண் சிறியதானால் துளை பெரியது. 18-55 லென்ஸ் 18இல் இருக்கும்போது எஃப் 3.5 வரை திறக்கும். 55க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது.

வெளிச்சக் கணக்கு எளிது. இரண்டு எஃப் எண்களில் பெரியதைச் சிறியதால் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்குங்கள். 5.6ஐ 2.8ஆல் வகுத்தால் 2. இரண்டை இரண்டால் பெருக்கினால் 4. ஆக எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும்.

நான்கு மடங்கு என்றால் கையில் என்ன கிடைக்கும்? மண்டபத்தில் 55இல், எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/60 நொடி என்று எடுக்கிறீர்கள். மணமகனை ஒருவர் கட்டித் தழுவுகிறார். 1/60இல் அந்தக் கைகள் இழுபட்டுப் போகும். எஃப் 2.8 இருந்தால் அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/250க்குப் போகலாம், கைகள் நிற்கும். அசைவில்லாத காட்சியானால் ஷட்டரை 1/60இலேயே வைத்து ஐ.எஸ்.ஓ.வை 800க்கு இறக்கலாம், படம் சுத்தமாக வரும்.

அடுத்த கணக்கைக் கவனியுங்கள். 18இல் உங்கள் பழைய லென்ஸே எஃப் 3.5 திறக்கிறது. 3.5ஐ 2.8ஆல் வகுத்தால் 1.25. அதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 1.56. நான்கு மடங்கு கிடைத்த இடத்தில் இங்கே ஒன்றரை மடங்குதான். 1/60 என்பது 1/90 ஆகும், அவ்வளவே. ஒரே லென்ஸ், ஒரே விலை. ஜூமின் எந்த முனையில் நீங்கள் அதிகம் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பலன் நான்கு மடங்காகவும் இருக்கலாம், ஒன்றரை மடங்காகவும் இருக்கலாம். உங்கள் படங்களை எண்ணிப் பார்க்காமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

பயிற்சி: ஒதுக்கிய படங்களை எண்ணுங்கள்

அடுத்த மூன்று நிகழ்ச்சிகளில் எடுத்த எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்தவற்றை ஒரு ஃபோல்டரிலும், ‘நன்றாக வந்திருக்க வேண்டியது, கெட்டுவிட்டது’ என்று தோன்றுபவற்றை இன்னொரு ஃபோல்டரிலும் போடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிந்திருக்கும். கேமராவில் படத்தைப் பார்க்கும்போது ‘இன்ஃபோ’ பொத்தானை அழுத்தினால் தெரியும். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டீட்டெய்ல்ஸ்’ பாருங்கள். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் குவியத் தூரம் வாரியாகவே படங்களைப் பிரித்துப் பார்க்கலாம். கெட்டுப்போன ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எண்களை நோட்டில் எழுதுங்கள்: குவியத் தூரம், எஃப் எண், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ.

பிறகு அவற்றை ஆறு குவியலாகப் பிரியுங்கள்.

1. ஆள் அசைந்தது: சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருக்கும், ஆள் மட்டும் இழுபட்டிருப்பார்.

2. கை ஆடியது: படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும்.

3. ஃபோகஸ் தவறியது: ஏதோ ஒன்று கூர்மையாக இருக்கும், முகம் இருக்காது. பின்னால் உள்ள திரைச்சீலை தெளிவாகத் தெரியும்.

4. புள்ளியும் மங்கலும்: போட்டோக்காரர்கள் நாய்ஸ் என்று சொல்லும் புள்ளிகள் நிறைந்தவை, நிறம் செத்தவை, வெளிச்சப் பட்டைகள் விழுந்தவை.

5. எட்டவில்லை அல்லது அடங்கவில்லை: மேடை தூரத்தில் இருந்தது, அல்லது சின்ன அறையில் எல்லோரும் படத்துக்குள் வரவில்லை.

6. மற்றவை: கண் மூடியது, குறுக்கே ஆள் வந்தது, நேரம் தவறியது.

எந்தக் குவியலுக்கு என்ன மருந்து

முதல் குவியலுக்குத்தான் வெளிச்சம் அதிகம் விடும் லென்ஸ் நேரடி மருந்து. அதற்கும் முன் அந்த எண்களைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 800இல் நின்று, ஷட்டர் 1/30 என்று இருந்தால், நீங்கள் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத் தயங்கியிருக்கிறீர்கள். லேசான புள்ளியுள்ள கூர்மையான படத்தை ஆல்பத்தில் வைக்கலாம். இழுபட்ட முகத்தை வைக்க முடியாது. ஏற்கெனவே ஐ.எஸ்.ஓ. 3200, 6400 வரை போயும் ஷட்டர் போதவில்லை என்றால்தான் லென்ஸின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இரண்டாம் குவியலுக்கு லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உதவும். கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர். என்று எழுதியிருக்கும். அந்தச் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நடுக்கத் தடுப்பு உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரில் நடப்பவரை நிறுத்தாது. நடுக்கத் தடுப்பு இல்லாத எஃப் 2.8 லென்ஸ் வாங்கினால் இந்தக் குவியல் கூடவும் செய்யலாம்.

மூன்றாம் குவியல் பெரும்பாலும் பழக்கம் சார்ந்தது. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தால், டி.எஸ்.எல்.ஆர். கேமரா பொதுவாக அருகில் இருப்பதைப் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி அதைக் கண்ணின் மேல் வையுங்கள். எஃப் 2.8க்குப் போனால் தெளிவாக இருக்கும் ஆழம் குறையும். இப்போதே ஃபோகஸ் தவறுகிறவருக்கு அது இன்னும் அதிகமாகத் தவறும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தை எஃப் 2.8இல் எடுத்தால் பின்வரிசை மங்கும். அதற்கு எஃப் 5.6க்கோ 8க்கோ வந்துதான் ஆக வேண்டும். விலை கொடுத்து வாங்கிய துளை அங்கே பயன்படாது.

நான்காம் குவியலில் மூன்று வகை உண்டு. இருட்டாக எடுத்துக் கணினியில் வெளிச்சம் ஏற்றியதால் வந்த புள்ளிகள் ஒன்று. எடுக்கும்போதே சரியான வெளிச்சத்தில் எடுப்பதும், ‘ரா’ வடிவில் எடுப்பதும் இதைக் குறைக்கும். வெளிச்சப் பட்டைகள் இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதனால் தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் பட்டை குறையும். 1/250க்குப் போனால் கூடும். இது விளக்கின் குறை, லென்ஸை மாற்றினால் போகாது. மூன்றாவது, வெறும் மங்கல். லென்ஸின் முன்கண்ணாடியில் கைரேகையும், மலிவான ஃபில்டரும், உள்ளே பூஞ்சையும் இருந்தால் எந்த லென்ஸும் மங்கும். துடைத்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் குவியலுக்குக் குவியத் தூரம்தான் மருந்து. எட்டவில்லை என்பவருக்கு 18-55இலிருந்து 18-135க்கோ 18-140க்கோ போவது பலன் தரும். அடங்கவில்லை என்பவருக்கு 18ஐவிடச் சின்ன எண் வேண்டும்.

ஆறாம் குவியலுக்குக் கடையில் எதுவும் விற்பதில்லை. நிகழ்ச்சியின் வரிசையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று யோசிப்பவருக்கு இந்தக் குவியல் சிறுக்கும்.

ஃபிளாஷை மறந்துவிட வேண்டாம்

லென்ஸ் பேச்சில் பலரும் விட்டுவிடும் பொருள் இது. கேமராவின் தலையில் முளைத்திருக்கும் சின்ன ஃபிளாஷைச் சொல்லவில்லை. மேலே தனியாக மாட்டி, தலையைத் திருப்பி, வெள்ளைக் கூரையில் மோதவிட்டுப் பரவ வைக்கும் ஃபிளாஷைச் சொல்கிறோம். நல்ல எஃப் 2.8 ஜூமின் விலையில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

வீட்டுக்குள் பெண்கள் பகுதியில் படம் எடுக்கும் சகோதரிகளுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. மணப்பெண் அலங்காரம், மருதாணி, உறவுக்காரப் பெண்கள் கூடியிருப்பது எல்லாம் சின்ன அறைகளில் நடக்கின்றன. பின்னால் நகர இடமில்லை, ஆகவே படங்கள் பெரும்பாலும் 18க்கும் 24க்கும் இடையில் எடுக்கப்படும். அந்த முனையில் எஃப் 2.8 தருவது ஒன்றரை மடங்குதான் என்று மேலே கணக்குப் போட்டோம். அறையின் கூரையோ வெள்ளை, தாழ்வானது. ஃபிளாஷ் மோதிப் பரவ அதைவிட நல்ல இடம் கிடையாது. இந்த வேலைக்குப் புதிய லென்ஸைவிட ஃபிளாஷே முதலில் வாங்க வேண்டியது.

மாறாக, உயரமான கூரையுள்ள மண்டபத்தில், நிறம் பூசிய கூரையில், திறந்த வெளிப் பந்தலில் இந்த முறை எடுபடாது. பள்ளிவாசலில் நிக்காஹ் நடக்கும்போது முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதை நிர்வாகத்தினரும் பெரியவர்களும் விரும்பாமல் இருக்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. உங்கள் வேலையில் பாதி இப்படிப்பட்ட இடங்களில் என்றால், வெளிச்சம் விடும் லென்ஸுக்கு நியாயம் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

பயிற்சிக்காக ஒரு தம்பியின் நோட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கேமரா சாதாரண டி.எஸ்.எல்.ஆர்., லென்ஸ் 18-135. மூன்று நிகழ்ச்சிகளில் 120 படங்கள் கெட்டுப்போயின. ஆள் அசைந்தது 46, கை ஆடியது ஒன்றுமில்லை, ஃபோகஸ் தவறியது 28, புள்ளியும் மங்கலும் 19, எட்டாதது 5, மற்றவை 22.

ஆள் அசைந்த 46இல் 31 படங்கள் 35க்கும் 55க்கும் இடையில் எடுக்கப்பட்டவை. எஃப் 5 அல்லது 5.6, ஷட்டர் 1/60, ஐ.எஸ்.ஓ. 3200. மீதி 15 படங்கள் 18-24இல் எடுக்கப்பட்டவை.

இதை வைத்துப் பார்த்தால், எஃப் 2.8 லென்ஸ் உறுதியாகக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த 31 படங்களை. 15இல் சிலவற்றையும் காப்பாற்றலாம். 28க்கும் 22க்கும் மருந்து பழக்கம். ஆக 120இல் 50 படங்கள் காசு செலவில்லாமல் சரிசெய்யக் கூடியவை.

இப்போது மற்ற ஃபோல்டரையும் திறக்கச் சொல்வோம். ஆல்பத்துக்குத் தேர்வான 200 படங்களில் 64 படங்கள் 55க்கு மேல் ஜூம் செய்து எடுத்தவை. மேடையிலிருந்து தள்ளி நின்று எடுத்த முகங்கள், துஆவின்போது தந்தையின் கண், மஹர் கை மாறும் நேரம். தம்பி வாங்க நினைத்ததோ 17-50 எஃப் 2.8. பழையதை விற்றுப் புதியதில் போடுவதாகத் திட்டம். அப்படிச் செய்தால் 31 படங்களைக் காப்பாற்றப் போய், ஏற்கெனவே நன்றாக வந்துகொண்டிருந்த 64 படங்களை இழப்பார்.

ஆகவே பழையதை விற்கக் கூடாது என்பது முதல் முடிவு. இரண்டாவது, அந்த 31 படங்களும் 50ஐச் சுற்றியே இருப்பதால், 50 மி.மீ. எஃப் 1.8 என்ற ஜூம் இல்லாத சின்ன லென்ஸ் முதலில் போதுமா என்று பார்க்கலாம். 5.6ஐ 1.8ஆல் வகுத்துப் பெருக்கினால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம். விலையும் எஃப் 2.8 ஜூமில் சிறு பங்கு. ஜூம் இல்லாததால் கால்தான் ஜூம்: இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். பிறகு இன்னும் மூன்று நிகழ்ச்சி எடுத்து, மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் முதல் குவியல் குறையவில்லை என்றால் பெரிய லென்ஸை யோசிக்கலாம்.

உங்கள் நோட்டில் வேறு எண்கள் வரும். அப்போது முடிவும் வேறாகத்தான் இருக்கும்.

லென்ஸ்தான் தேவை என்று தெரிந்தால்

சின்ன சென்சார் கேமராக்களுக்கு எஃப் 2.8 ஜூம்கள் பல உண்டு. கேனான் 17-55, சிக்மா 17-50, டாம்ரான் 17-50 ஆகியவை நீண்ட காலமாகத் தொழிலில் இருப்பவை. முதல் இரண்டிலும் நடுக்கத் தடுப்பு உண்டு. டாம்ரானில் தடுப்பு உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை. சிக்மா 18-35 எஃப் 1.8 இன்னும் அதிக வெளிச்சம் விடும், ஆனால் 800 கிராமுக்கு மேல் எடை, நடுக்கத் தடுப்பும் இல்லை.

சிவப்பு வளையம் போட்ட 24-105 எஃப் 4 லென்ஸை ஆசையோடு வாங்குபவர்கள் உண்டு. அது முழு சென்சார் கேமராவுக்கு அருமையான லென்ஸ். கேனானின் சின்ன சென்சார் கேமராவில் மாட்டினால் 24 என்பது 38 போல நடந்துகொள்ளும். 18 என்றால் 29 போல. மண்டபத்தில் அகலம் போய்விடும். எஃப் 4 என்பது 5.6ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம்தான். அகலமான முனையில் உங்கள் பழைய லென்ஸின் 3.5ஐவிட அது குறைவே.

பொருந்துமா என்பதையும் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கேனானின் இ.எஃப்-எஸ் லென்ஸ் முழு சென்சார் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டாது. நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ‘டி’ வகை 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

2018இல் கேனான், நிக்கான் இரண்டு நிறுவனங்களும் முழு சென்சார் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்து, லென்ஸ் மாட்டும் வளையத்தையே மாற்றிவிட்டன. பழைய லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டலாம். ஆனால் இ.எஃப்-எஸ் லென்ஸை முழு சென்சார் மிரர்லெஸ்ஸில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும், பிக்சல் இரண்டரையில் ஒரு பங்குக்குக் குறையும். இரண்டு வருடத்தில் கேமராவையே மாற்றும் எண்ணம் இருந்தால், இன்று வாங்கும் லென்ஸ் அதற்கும் பயன்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

லென்ஸ் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடை சொல்லும் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இதை எத்தனை நிகழ்ச்சியில் மீட்கலாம்? பலர் இங்கே மொத்த வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அது சரியில்லை. இப்போது வரும் வருமானத்தில் ஏற்கெனவே வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, பெட்ரோல் எல்லாம் இருக்கிறது. லென்ஸ் வந்ததால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதை மட்டும் எழுத வேண்டும்.

உங்கள் கட்டணத்தை நிகழ்ச்சிக்கு 1,000 ரூபாய் உயர்த்த முடியும் என்றால் 45 நிகழ்ச்சிகள் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் அரிது. ரமலானில் நம் வீடுகளில் அரிது. மழைக்காலத்தில் இன்னும் சில வாரங்கள் போகும். வருடத்தில் எட்டு மாதம் வேலை, மாதம் நான்கு நிகழ்ச்சி என்றால் வருடத்துக்கு 32. ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் முதல் மீளும். ஃபிளாஷும் 50 மி.மீ. லென்ஸும் சேர்த்து 17,000 என்று வைத்தால் 17 நிகழ்ச்சிகள், அரை வருடத்துக்குச் சற்றே அதிகம். கட்டணத்தை உயர்த்த முடியாது, வேறு வேலையும் கூடுதலாக வராது என்றால் அந்த லென்ஸ் முதலை மீட்காது. அது ஆசைக்கு வாங்குவது. ஆசை தவறில்லை, ஆனால் ஆசைக்குக் கடன் வாங்கக் கூடாது.

தவணையில் வாங்கினால் 45,000க்கு மாதம் 3,750 ரூபாய், வட்டி சேர்க்காமல். வேலையில்லாத நான்கு மாதத்தில் மட்டும் 15,000 ரூபாய் வருமானம் இல்லாமல் கட்ட வேண்டும். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் இருந்தாலும் செயலாக்கக் கட்டணம், தவறினால் அபராதம், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுப்பது நல்லது. பெரிய நகரங்களில் நாள் வாடகைக்கு லென்ஸ் தரும் கடைகள் உண்டு. உள்ளூரில் சக போட்டோக்காரரிடமும் கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளை அதில் எடுத்து, மேலே சொன்ன குவியல்களை மறுபடி எண்ணுங்கள். முதல் குவியல் பாதியாகக் குறைந்ததா? ஃபோகஸ் குவியல் கூடியதா? இதற்கு ஆகும் வாடகை வீண்செலவு அல்ல. மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்கு மட்டும் அந்த லென்ஸ் வேண்டும் என்றால், வாடகையிலேயே தொடர்வதும் ஒரு நல்ல முடிவு.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு

பாதி விலையில் நல்ல லென்ஸ் கிடைக்கலாம். பகல் வெளிச்சத்தில், உங்கள் கேமராவோடு போங்கள். செல்போன் டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறு தூசு படத்தைப் பாதிக்காது. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ஜூம் வளையம் எங்கும் சிக்காமல் திரும்ப வேண்டும். செங்கல் சுவரையோ சுவரில் ஒட்டிய செய்தித்தாளையோ நேராக நின்று எஃப் 2.8இலும் எஃப் 8இலும் எடுங்கள். ஒரு பக்க ஓரம் மட்டும் மிகவும் மங்கினால் உள்கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பில் இருக்கிறதா என்று கேளுங்கள். திருட்டுப் பொருள் நம் கைக்கு வந்துவிடக் கூடாது.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். லென்ஸைத் தோல் பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போட்டு, நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் லென்ஸைக் காப்பாற்றுவதும் சம்பாத்தியம்தான்.

வீட்டுப்பாடம்

கீழ்க்கண்ட கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதுங்கள்.

1. மூன்று நிகழ்ச்சிகளில் கெட்டுப்போன படங்கள் எத்தனை? ஆறு குவியல்களில் எது பெரியது?

2. முதல் குவியலில் உள்ள படங்கள் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டவை? அங்கே புதிய லென்ஸ் எத்தனை மடங்கு வெளிச்சம் தரும்?

3. ஆல்பத்துக்குத் தேர்வான படங்களில் எத்தனையைப் புதிய லென்ஸால் எடுக்க முடியாது?

4. ஃபிளாஷ், 50 மி.மீ. லென்ஸ், பழக்கம் ஆகிய மூன்றால் தீரக்கூடியவை எத்தனை?

5. கூடுதல் வருமானத்தை மட்டும் வைத்து, எத்தனை நிகழ்ச்சியில் முதல் மீளும்? வேலையில்லாத மாதங்களில் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்?

பதில்களை எழுதிய பக்கத்தைக் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன், வீட்டில் மனைவியிடமோ தாய் தந்தையிடமோ காட்டுங்கள். ஐந்தாம் கேள்விக்கு அவர்களுக்குச் சரியான பதில் தெரிந்திருக்கும்.